நீலப் பட்டை

தென்னாப்பிரிக்காவில் சைமன்ஸ்டவுனில் படகுப் பாய் தைக்கிற பட்டறையில் எனக்குப் பதினோரு வருஷ வேலை. முதலாளி ஃபெரேராவுக்கு வாய் மட்டும்தான் உழைக்கும்.

ஓய்வுபெற்ற வாத்தியார் ஐன்ஸ்லி தன் படகின் பழைய முன்பாயைக் கொண்டுவந்தார். புதிது நாற்பத்தைந்தாயிரம் ராண்ட். அவ்வளவுக்கு அவர் எங்கே போவார்? பழையதையே படகின் முன்கம்பியில் சுருட்டி வைக்கும்படி மாற்ற ஒன்பதாயிரம் பேசினார்கள். கொக்கிகளைப் பிரித்து முன்னோரத்தில் நாடாவும் பின்னோரத்தில் நீலப் பட்டையும் தைக்க வேண்டும். சுருட்டியபின் பட்டை வெளியே நின்று வெயிலைத் தாங்கும். பட்டையைத் துணியின் எந்தப் பக்கம் தைக்க என்று கேட்டேன். பாய் எப்படிச் சுருளும் என்று படகை எட்டிக்கூடப் பார்க்காமல் இடது பக்கம் என்றார் முதலாளி.

படகில் மாட்டிச் சுருட்டினால் பட்டை உள்ளே போய், வெள்ளைத் துணி வெயிலில் நின்றது. இரண்டு கோடையில் துணி நைந்துவிடும். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். பிரித்துத் தைக்கிற செலவு மூவாயிரத்தையும் என் சம்பளத்தில் பிடிக்கப் போவதாகச் சொல்லி, தவறு மொனீபாவுடையது என்று என் பெயரைப் போட்டு எழுதிய தாளை நீட்டினார் முதலாளி. மூவாயிரம் என் வீட்டு வாடகை.

"கையெழுத்துப் போட மாட்டேன்," என்றேன்.

"அப்போ நாளையிலேர்ந்து வேலைக்கு வராத."

"நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னைக்குப் படகுக்கு வாங்க."

காற்றில்லாத காலை அது. வாத்தியாரைப் பாயை முழுக்க விரிக்கச் சொன்னேன். கம்பியின் அடியில் இருந்த உருளையில் சுற்றியிருந்த கயிற்றை அவிழ்த்து, எதிர்ப்பக்கமாகச் சுற்றினேன். பத்து நிமிஷ வேலை. பிறகு வாத்தியார் கயிற்றை இழுத்தார். பாய் மறுபக்கமாகச் சுருண்டது. மேலிருந்து கீழ்வரை நீலம் வெளியே.

வாத்தியார் முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருஷமா இதே தொழில்தானே ஃபெரேரா, இது உனக்குத் தெரியாதா?"

அவருக்குத் தெரியும். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். வேலை போய்விடும் என்று பயந்து ஆமாம் சாமி போடுவேன் என நினைத்திருக்கிறார். தாளை வாங்கி என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினேன். பேனாவையும் கொடுத்தேன்.

"இப்போ போடுங்க."

அவர் போடவில்லை, தாளைக் கசக்கிப் பையில் திணித்துக்கொண்டு நடந்தார். மறுநாள் எட்டு மணிக்குப் போய் என் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்தேன். யாரும் எழுப்பவில்லை. வெள்ளிக்கிழமை முழுச் சம்பளமும் வந்தது, மன்னிப்பு வரவில்லை. ஒவ்வொரு வெள்ளியும் சம்பளத்தோடு சேர்த்து அந்த மன்னிப்பையும் கேட்டுக்கொண்டிருக்கிறேன், எல்லோர் முன்னாலும்.