மார்க் ஷீட்டைப் பார்க்காத காலேஜ்

திங்கட்கிழமையிலிருந்து இது நான்காவது காலேஜ். கருங்குழியிலிருந்து இரண்டு பஸ் மாறி, மகாபலிபுரம் பக்கம் வந்து இறங்கியபோதே எனக்கு இடுப்பு கழன்றுவிட்டது.

வாலிபால் கோச் என் மகள் ஜோதிலட்சுமியைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்தார். வலையருகே பத்துத் தடவை எகிறச் சொன்னார். நான் மார்க் ஷீட்டை நீட்டினேன்.

"அது இருக்கட்டும் சார், ஆபீஸ்ல குடுத்துக்கலாம்."

ப்ளஸ் டூவில் அறுநூற்றுக்கு ஐந்நூற்று முப்பத்தாறு மார்க். அதைப் பார்க்க ஒருத்தனுக்கும் நேரமில்லை.

"ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு எல்லாமே ஃப்ரீ. நாலு வருஷம் எங்க வாலிபால் டீமுக்கு ஆடணும், அவ்ளோதான்."

"கால் கீல் ஒடஞ்சா?"

"இன்னா சார், இப்பவே இப்டிப் பேசறீங்க? அப்டி ஆச்சுன்னா அப்பலேர்ந்து ஃபீஸ் கட்டணும்."

நன்றாகச் சொல்லிக்கொடுக்கும் காலேஜில் வருஷத்துக்கு ஒண்ணரை லட்சம் கேட்கிறார்கள். நான் ஓட்டுவது ஸ்கூல் வேன். யோசித்துச் சொல்கிறேன் என்று ஜோதியோடு வெளியே வந்தேன்.

படிக்கட்டில் டீம் பெண் ஒருத்தி முழங்காலில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்றாம் வருஷமாம்.

"இப்ப இன்னா இன்னா பாடம்மா உனக்கு?"

விரல் விட்டு எண்ணத் தொடங்கியவள் இரண்டாவது விரலிலேயே நின்றுவிட்டாள். "மீதி தெரியல அங்கிள். எப்பவும் மேட்ச் இருந்துகினே கீது."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "பாடத்தோட பேரே தெரியாம இன்னாத்த படிக்கிற? எம் பொண்ணு ஐந்நூத்தி முப்பத்தாறு, தெரியுமா?"

அவள் கோபப்படவில்லை. ஐஸைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டாள்.

"நான் ஐந்நூத்தி நாப்பத்தெட்டு அங்கிள்."