வழிகாட்டி குவெரீனோவின் மனைவி

மலை மேல் இருக்கும் ரோக்கமெர்லா ஊருக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் குவெரீனோவின் குரலைக் கேட்காமல் திரும்பியவர்கள் குறைவு. மேற்குக் கோட்டை வாசலில், பேருந்து முக்கி முனகி ஏறி வந்து நிற்கும் இடத்தில், கழுத்தில் நகராட்சி கொடுத்த வழிகாட்டி அட்டையும் தலையில் வைக்கோல் தொப்பியுமாக நிற்பார். "மெதுவா வாங்க, மெதுவா! எதிரிப் படையே இந்த ஏத்தத்துல பாதியில உக்காந்துடுச்சு, நீங்க எந்த மூலைக்கு?" என்பார். வந்தவர்கள் சிரித்துவிடுவார்கள். அப்புறம் ஊர் முழுக்க அவர் பின்னாலேயே நடப்பார்கள்.

அவருடைய மனைவி எர்சீலியா மட்டும் அந்தச் சுற்றில் ஒருநாளும் போனதில்லை. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இந்தப் பாறை மேல்தான். அவளுக்குக் கோட்டைச் சுவர் என்பது காற்றை மறிக்கிற சுவர், தேவாலயம் என்பது ஞாயிற்றுக்கிழமை. கல்யாணமான புதிதில் "ஒருநாள் வந்து நான் பேசறதைக் கேளேன்" என்று அவர் கூப்பிட்டதுண்டு. "வீட்ல நீ பேசறதே போதும், காது ரெண்டும் நிறைஞ்சு கெடக்கு" என்று சொல்லிவிட்டாள்.

அவர்களுக்கு ஒரே மகன், எலியோ. கொத்தனார் வேலை. நிலநடுக்கத்தில் ஊர் மணிக்கோபுரத்தின் உச்சி வெடித்துப்போனபோது, அதைச் சரிசெய்ய எடுத்த ஆட்களில் அவனும் ஒருவன். பழைய கல்லைப் பிரித்து, நொறுங்கியதை எடுத்துவிட்டு, அதே மலையில் வெட்டிய புதுக் கல்லை வைத்துக் கட்டினார்கள். வேலை ஏறக்குறைய முடிந்திருந்த ஓர் ஏப்ரல் காலையில், மழை ஈரத்தில் சாரத்துப் பலகை வழுக்கி எலியோ கீழே விழுந்தான். சதுக்கத்துக் கல்தளத்தில் கிடந்தவனை எர்சீலியா பார்க்கக் கூடாதென்று சதுக்கத்தோரம் காபியும் மதுவும் விற்கும் லொரெத்தாதான் அவளை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். எர்சீலியா பார்த்துவிட்டாள்.

அடக்கம் முடிந்து அந்த மாதம் முடிவதற்குள் குவெரீனோ அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சதுக்கத்துப் பக்கமிருந்து ஒரு பெரிய சிரிப்புச் சத்தம் வந்தது. இருபது முப்பது பேர் ஒன்றாகச் சிரிக்கிற சத்தம். கோபுரத்தடியில் நின்று அவர் ஏதோ வேடிக்கை சொல்லியிருக்கிறார். அவள் எழுந்து ஜன்னலை அடைத்தாள். அந்தச் சிரிப்பை அவள் மன்னிக்கவில்லை.

அதற்குப் பின் அவள் கோபுரச் சதுக்கத்தில் கால் வைக்கவில்லை. ரொட்டிக் கடைக்குக்கூடக் கசாப்புக்காரர் சந்தின் படிகளில் இறங்கி, சுற்றிக்கொண்டுதான் போவாள். வீட்டில் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாமல் இல்லை. ஒழுகுகிற ஓடு, இந்த வருஷத்து ஆலிவ், குளிருக்கு வாங்கவேண்டிய விறகு எல்லாம் பேசினார்கள். மகன் பெயரை மட்டும் இருவரும் எடுக்கவில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன. ஊரில் நல்ல ஜோடி என்றுதான் பெயர்.

மறதி வந்தது ஒரு கோடையில். முதலில் அது பெரிதாகத் தெரியவில்லை. பழைய முற்றுகையின்போது ஊரைக் காப்பாற்றிய பாறைக் கிணற்றைக் காட்டிக்கொண்டிருந்தவர், கதையின் நடுவில் நின்றுவிட்டார். அந்தக் கதையை அவர் எத்தனையோ ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். உள்ளே தண்ணீர் தீர்ந்துவிட்டது என்று எதிரிகள் நினைத்துக்கொண்டிருக்க, ஊர்ப் பெண்கள் தினமும் காலையில் துணியைச் சொட்டச் சொட்டத் துவைத்துக் கோட்டைச் சுவரில் காயப்போட்டார்களாம். இவ்வளவு தண்ணீர் இருக்கிறவர்களை என்ன செய்வது என்று எதிரிகள் முற்றுகையை விட்டுப் போய்விட்டார்களாம். இன்றைக்கும் செப்டம்பர் திருவிழாவில் ஊரே வெள்ளைத் துணியைச் சுவரில் தொங்கவிடும். அந்தத் துணி எங்கே தொங்கியது என்பது அவருக்கு மறந்துபோனது. அடுத்த வாரம், ஜெர்மானியப் பயணிகளைக் கிணற்றடியில் நிற்க வைத்துவிட்டுத் தனியாக வீட்டுக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தார்.

நகராட்சியிலிருந்து ஃபப்ரீசியோ வந்தான். எலியோவோடு ஒரே வகுப்பில் படித்தவன். இந்த வீட்டில் ரொட்டியும் எண்ணெயும் தின்று வளர்ந்தவன். எர்சீலியாவின் முகத்தைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துப் பேசினான்.

"அத்தை, சீசன் முடியட்டும்னு பாக்கறேன். ஆனா மேல இருக்கறவங்க கேக்கறாங்க. மாமா ஒருநாள் அந்தப் பள்ளத்தாக்கு ஓரத்துல யாரையாவது விட்டுட்டு வந்துட்டா என்ன பண்றது?"

"நான் கூடப் போறேன்."

"நீங்களா? சதுக்கத்துக்கா?"

"போறேன்னா போறேன். நீ அட்டையைப் புடுங்காம இரு."

அப்படித்தான் எர்சீலியா பயணிகளின் கடைசியில், கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, அவர் பேச்சுக்குக் காது கொடுக்காமல் நடக்கத் தொடங்கினாள். சதுக்கம் வந்ததும் மட்டும் அதன் ஓரத்துக் கல்வளைவுக்கு இந்தப் பக்கமே, லொரெத்தாவின் கடைச் சுவரில் சாய்ந்து நின்றுவிடுவாள். கோபுரத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள். லொரெத்தா ஒரு காபியைக் கொண்டுவந்து கையில் திணித்துவிட்டுப் பக்கத்தில் நிற்பாள்.

அப்படி மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, பின்னால் குவெரீனோவின் பேச்சு நின்றது. பிறகு வேறு குரல் ஒன்று கேட்டது. வீட்டுக் குரல்.

"எலியோ! டேய் எலியோ! மணி என்ன ஆச்சு, இறங்குடா! அம்மா தட்டு போட்டுட்டுக் காத்திட்டிருக்கா!"

பயணிகள் எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். யாரோ ஒரு பெண் சிரித்தபடி மேலே கையசைத்தாள். எர்சீலியாவின் கையிலிருந்த கோப்பை விழுந்தது. அவள் கல்வளைவைத் தாண்டி, அத்தனை வருஷம் மிதிக்காத அந்தக் கல்தளத்தில் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தாள்.

"வா, வீட்டுக்குப் போலாம்."

"இவன் இறங்கட்டும். சாரத்துல நின்னுக்கிட்டுக் காது கேக்காத மாதிரி நடிக்கறான் பாரு."

வீட்டுக்குப் போனதும் அவள் உண்மையைச் சொன்னாள். வேறென்ன செய்ய முடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. எலியோ செத்துப்போய் எத்தனையோ வருஷமாச்சு, கோபுரத்திலிருந்து விழுந்தான், நீதானே சவப்பெட்டியைத் தூக்கினாய் என்றாள். குவெரீனோ நாற்காலியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அடக்கத்தன்று ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவர், இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "எங்கிட்ட ஏன் சொல்லல? எங்கிட்ட ஏன் யாருமே சொல்லல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். அவரைத் தேற்றி எழுப்புவதற்குள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

மறுநாள் காலையில் காபியைக் குடித்துக்கொண்டே, "எலியோ வேலைக்குக் கிளம்பிட்டானா?" என்றார்.

இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். அதே அழுகை, அதே கேள்வி. அதற்கப்புறம் அவள் சொல்வதை விட்டுவிட்டாள். "கிளம்பிட்டான்" என்பாள். "சாப்பிட்டானா?" என்பார். "சாப்பிட்டான்" என்பாள். சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டியின் பக்கம் திரும்பிக்கொள்வாள். இவருக்கு எல்லாம் மறந்துவிட்டது, சுமப்பதற்கு இனி நான் ஒருத்திதான் என்று நினைக்கும்போது பழைய கோபமும் சேர்ந்துகொள்ளும். இந்த மனுஷன் எப்போதுதான் சுமந்தான்?

அக்டோபர் முடிந்தது. ஃபப்ரீசியோ வந்து அட்டையை வாங்கிக்கொண்டு போனான். போகும்போது வாசலில் நின்று அழுதான். குவெரீனோ அவன் தோளைத் தட்டி, "எந்த ஊர்லேர்ந்து வர்றீங்க தம்பி?" என்று கேட்டார்.

அட்டை போனாலும் கால் நிற்கவில்லை. நவம்பரில் ஒருநாள், பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மூடுபனி கூரைவரை வந்து நின்ற காலையில், அவர் வைக்கோல் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலுக்கு இறங்கிவிட்டார். எர்சீலியா குளிர்ச்சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். கோட்டை வாசலில் ஒரு ஈ காக்கை இல்லை. குவெரீனோ திரும்பி அவளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. தொப்பியைத் தூக்கி வணங்கினார்.

"வாங்கம்மா. தனியாவா வந்தீங்க? நீங்க எந்த ஊரு?"

கல்யாணமான நாளிலிருந்து அவளை 'நீ' என்று மட்டுமே கூப்பிட்ட வாய் அது.

"தூரத்து ஊரு" என்றாள்.

"பரவால்ல. மெதுவா வாங்க, இந்த ஏத்தம் ஆளைக் கொன்னுரும்."

முதல் தடவையாக அவர் சொல்வதைக் கேட்டபடி அவள் அந்தச் சுற்றில் போனாள். கோட்டைக் கதவில் பதிந்த கோடரி வடுக்களை அவர் விரலால் தடவிக் காட்டினார். வீடுகளுக்கு அடியில் பழங்காலத்து ஜனங்கள் குடைந்த குகைகளுக்கு இறங்கும் கம்பிக் கதவருகே நின்று, சுவரெல்லாம் புறாக்கூடு செதுக்கி வைத்து முற்றுகைக் காலத்தில் புறாக்கறி தின்ற கதையைச் சொன்னார். தேவாலயத்தில், கடைசித் தீர்ப்பு ஓவியத்தில் நரகத்தில் வேகிற கொழுத்த மனிதனைக் காட்டி, "இவர் அந்தக் காலத்து வரி வசூல்காரர். படம் வரைஞ்சவருக்குக் கூலி பாக்கி வச்சிட்டாராம். இப்ப அறுநூறு வருஷமா வேகறார்" என்றார். எர்சீலியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த ஓவியத்துக்குக் கீழே முட்டி போட்டிருக்கிறாள், அந்த ஆளை அவள் கவனித்ததே இல்லை. மனுஷன் நன்றாகத்தான் பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டாள். ஒரு சொல்லும் தடுமாறவில்லை.

கோபுரச் சதுக்கத்தில் மூடுபனி கொஞ்சம் விலகியிருந்தது. அவர் வழக்கமான இடத்தில் போய் நின்றார். அவள் இந்த முறை முதுகைத் திருப்பவில்லை.

"மேல பாருங்கம்மா. நல்லா அண்ணாந்து பாருங்க. மணிக்குக் கீழ ஒரு வரிசைக் கல்லு மட்டும் வெளுப்பாத் தெரியுதா?"

"தெரியுது."

"நிலநடுக்கத்துக்கு அப்புறம் வச்சது. இதுல ஒரு பையன் வேலை பார்த்தான். அந்த வரிசை அவன் கையால வச்சது. அவனே எனக்குக் காட்டினான்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "என் பையன்தான். விழுந்துட்டான். இங்கதான், இந்த இடத்துலதான்."

எர்சீலியா குனிந்து அந்தக் கல்தளத்தைப் பார்த்தாள்.

"இதைப் பயணிங்ககிட்ட சொல்றதில்ல. உங்க முகத்தைப் பார்த்தா சொல்லலாம்னு தோணுச்சு. நான் என்ன பண்ணுவேன் தெரியுமா? இங்க வந்ததும் ஏதாவது கோமாளித்தனமாச் சொல்லுவேன். மணியடிக்கறவன் தூங்கிப்போன கதை, கழுதை படியேறின கதை. சிரிக்க வச்சு, அப்படியே எல்லாரையும் அண்ணாந்து பார்க்க வச்சிடுவேன். அத்தனை பேரும் என் பையன் வச்ச கல்லைப் பாத்துட்டுப் போறாங்க. அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்ல?"

"வீட்ல அவன் அம்மா இருக்காங்களா?"

"இருக்கா. ஆனா அவகிட்ட அவன் பேரை எடுக்க முடியாதும்மா. எடுத்தா தாங்கமாட்டா, இடிஞ்சு உக்காந்துருவா. அதான் வாயைக் கட்டிக்கிட்டிருக்கேன். இங்க வந்தாதான் எனக்கு மூச்சு வருது."

"அவங்ககிட்ட ஒரு தடவை பேசிப் பார்த்திருக்கலாமே."

"எப்படிம்மா ஆரம்பிக்கறது?" என்றார். பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நீங்க யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. சின்ன ஊரு. அவ காதுக்குப் போயிடும்" என்றார்.

"சொல்லமாட்டேன்" என்றாள் எர்சீலியா.

ஆளில்லாத சதுக்கத்தில் தாழ்ந்த குரலும் எட்ட, கடை வாசலுக்குள் நின்றிருந்த லொரெத்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். இடுப்பில் கட்டியிருந்த துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். "உனக்கு இது முன்னாடியே தெரியுமா?" என்று எர்சீலியா பிற்பாடு அவளிடம் கேட்டாள். "அவரு தினம் கூட்டத்தை அனுப்பிட்டு இங்க உக்காந்து அண்ணாந்து பார்த்துட்டிருப்பாருக்கா. எதுக்குன்னு நான் கேட்டதில்ல. நீங்களும் கேக்கமாட்டீங்கன்னு நினைச்சேன்" என்றாள் லொரெத்தா.

அன்று மதியம் பயறு சூப்பை ஊற்றி அவர் முன்னால் வைத்துவிட்டு, எர்சீலியா எதிரே உட்கார்ந்தாள். அத்தனை வருஷம் அடைத்து வைத்திருந்ததை எங்கே தொடங்குவது என்று தெரியாமல், "எலியோவுக்கு இந்தச் சூப்புன்னா உயிர்" என்றாள்.

குவெரீனோ கரண்டியை நிறுத்தி அவளைப் பார்த்தார்.

"யாரு எலியோ?"

கோபுரத்தடியில் இருந்த நினைவு வீடு வந்து சேர்வதற்குள் போய்விட்டது. அதற்குப் பிறகு அது திரும்பவே இல்லை. அடுத்தடுத்த நாள்களில் அவரைச் சதுக்கத்துக்குக் கூட்டிப்போய் நிறுத்திப் பார்த்தாள். "குளுருது, போலாம்" என்றார். மேலே பார்க்கச் சொன்னாள். பார்த்துவிட்டு, "பெரிய கோபுரம்" என்றார்.

இன்னும் இரண்டு குளிர்காலம் அவர் உயிரோடு இருந்தார். எர்சீலியா தினமும் சாப்பாட்டு நேரத்தில் மகனைப் பற்றிப் பேசினாள். சின்ன வயதில் ஆலிவ் மரத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் அழுதது, முதல் சம்பளத்தில் அவளுக்கு வாங்கிவந்த சிவப்புச் சால்வை, பக்கத்து ஊர்ப் பெண்ணைக் காதலித்துக்கொண்டு யாருக்கும் தெரியாதென்று நினைத்தது என எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேறொருவர் வீட்டுப் பிள்ளையின் கதையைக் கேட்பதுபோலக் கேட்டார். சில இடங்களில் சிரித்தார். அவன் விழுந்த இடம் வரும்போது அவள் நிறுத்திக்கொள்வாள். ஒருநாள் நிறுத்தவில்லை, அதையும் சொல்லிவிட்டாள். அவர் அழவில்லை. கையிலிருந்த ரொட்டியைத் தட்டில் வைத்தார்.

"பாவம். அந்தப் பையனோட அம்மா?"

"இருக்கா."

"தனியாவா இருக்கா?"

எர்சீலியா எழுந்துபோய் அவர் மோவாயில் வழிந்திருந்த சூப்பைத் துணியால் துடைத்தாள்.

"சாப்பிடு. ஆறிப்போகுது" என்றாள்.