குடும்ப ரத்தம்

தங்கை அக்காவின் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, வாசலில் மாமா பத்தாவது முறையாக அதையே ஆரம்பித்தார்.

“அவங்க குடும்ப ரத்தத்துலயே இருக்கு சார். நாம என்ன பண்ண முடியும்?”

வந்தவர் தலையாட்டினார். மாமா இன்சூரன்ஸ் ஏஜென்ட். எதிரில் இருப்பவரைத் தலையாட்ட வைப்பதுதான் அவர் பிழைப்பு. மனைவியின் உடலைக் கிடத்தியிருக்கும் வீட்டிலும் அதற்கு விடுமுறை இல்லை.

அது பொய் என்று தங்கைக்குத் தெரியும். அவர்கள் குடும்பத்தில் யாருக்கும் புற்றுநோய் வந்ததில்லை. கருப்பை வாயில் வருவது பெரும்பாலும் ஒரு வைரஸால் என்று டாக்டர் மாமாவையும் உட்காரவைத்துத்தான் சொன்னார். உடலுறவில் தொற்றுமாம். பலருக்குத் தானே போய்விடும். சிலருக்கு வருஷக்கணக்கில் தங்கி, செல்களின் மரபணுக்களைக் கெடுத்துவிடும். யாரையும் குற்றம் சொல்ல இதில் ஒன்றுமில்லை என்றும் சொன்னார். அதற்குள் மாமாவின் காது அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரி மாடிப்படி இறங்குவதற்குள் ரத்தத்தைக் கண்டுபிடித்துவிட்டார் மகா மேதை.

அக்காவுக்கு இருந்த ஒரே கவலை மகள். பள்ளியில் பதின்மூன்று வயதுப் பெண்களுக்கு அந்த வைரஸுக்குத் தடுப்பூசி போடுகிறார்கள். அம்மா, அப்பா இருவரும் கையெழுத்துப் போடவேண்டும். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சொல்லி மாமா படிவத்தைத் தொடவே இல்லை. நாளை கடைசி நாள்.

இப்போது கூடத்தில் மாமாவோடு நாற்பது பேர் இருந்தார்கள். தங்கை உள்ளே போய்ப் படிவத்தை எடுத்து வந்தாள்.

“மாமா, ரத்தத்துல இருக்குன்னா பாப்பாவுக்கும் வருமே. இது வராம இருக்கத்தான் ஸ்கூல்ல ஊசி போடுறாங்க. கையெழுத்துப் போட்டுடுங்க.”

கூடத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அவளை முறைத்தார். அவள் எவ்வளவு தெரிந்து பேசுகிறாள் என்பது அவருக்குப் புரிந்தது. கையெழுத்துப் போட மறுத்தால், தான் சொன்னதைப் பொய் என்று அவரே சொல்லவேண்டும். அதற்கு இந்த மனிதருக்கு ஏது தைரியம்? பக்கத்தில் இருந்த அவருடைய ஆபீஸ் மேனேஜர், பெற்ற பெண் விஷயத்தில் யோசிக்கலாமா என்று கேட்டுத் தன் பேனாவைத் திறந்து நீட்டினார்.

மாமா முழங்காலில் வைத்துக் கையெழுத்திட்டார். குண்டு குண்டான, அழகான எழுத்து. அதை வாங்கும்போதுகூட அவளுக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. படிவத்தைப் பார்த்தாள்.

பக்கத்துக் கட்டத்தில் அக்கா போன வாரம் போட்ட கையெழுத்து, பாதியில் கோட்டை விட்டு இறங்கி, காகிதத்தின் ஓரம்வரை போயிருந்தது.