கடிகாரத்தைத் திருப்பிய ஞாயிறு

மொராக்கோவின் தெத்துவான் நகரில் நோன்பு மாதத்துக்கு முந்தைய ஞாயிறு என்றால் தெருவுக்குத் தெரு மாவு வறுபடும் வாசம்தான். செல்லூ இனிப்புக்கான மாவைத் தட்டில் பரப்பித் தெருவின் பொது அடுப்புக்கு அனுப்பிவிட்டு, கருகிவிடுமோ என்று வீட்டில் உட்கார்ந்து தவிப்பார்கள். தவிப்பில் முதலிடம் லல்லா ஷாமாவுக்கு. போன வருஷம் ‘என் தட்டு ஆச்சா?’ என்று அவள் கேட்டுக் கேட்டே அடுப்புக்காரர் முஃபத்தலின் போன் கொதித்தது. அடுப்புகூட அவ்வளவு சூடாகவில்லை என்று பேச்சு.

அதற்காகத்தான் அவர் மகள் வஹீபா ஒரு நிரல் எழுதி, அடுப்படி மூலையில் கிடந்த பழைய கணினியில் போட்டாள். செய்தி அனுப்பிக் கேட்டால் தட்டின் நிலையை அதுவே சொல்லும். ஆனால் ஒரு போனுக்குப் பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு கேள்விதான். யாரை நினைத்து இந்தக் கட்டுப்பாடு என்று தெருவுக்கே தெரியும். லல்லா ஷாமாவுக்கும் தெரியும். சங்கடம் என்னவென்றால், வஹீபா கட்டிக்கொள்ள ஆசைப்பட்டது அவள் மகன் அன்வரை. பெண் கேட்டு வர அம்மாவைச் சம்மதிக்க வைக்க அவன் மாதக்கணக்கில் கெஞ்சி, இப்போதுதான் அவள் பாதி இறங்கி வந்திருந்தாள்.

அந்த லல்லா ஷாமா காலையிலேயே போனைத் தூக்கிப் பிடித்தபடி அடுப்படிக்குள் நுழைந்தாள்.

“ஏம்மா வஹீபா, பக்கத்து வீட்டு ரஹ்மாவுக்குப் பதில் வருது. எனக்கு மட்டும் ‘இப்போதுதான் கேட்டீர்கள், முக்கால் மணி நேரம் பொறுங்கள்’னு வருது. நான் கேட்டே அரை மணி ஆச்சு.”

“நான் அப்படி எழுதலையே லல்லா.”

“மருமகளா வர்றதுக்கு முன்னாடியே என் வாயை அடைக்கிறே. வந்தப்புறம் என்ன பண்ணுவே?”

வரிசையில் நின்ற பெண்கள் ரொட்டியைப் பார்ப்பதுபோல் காதைத் தீட்டிக்கொண்டார்கள். முஃபத்தல் அவசரமாக அவள் தட்டை இழுத்துக் காட்டினார். மாவு பொன்னிறமாக இருந்தது. அதில் அவளுக்கு இன்னும் எரிச்சல்.

வஹீபாவுக்கு முகம் சிவந்துவிட்டது. கணினியில் தேடினாள். விடிந்ததும் கேட்ட மூன்று பேருக்குத்தான் தடை. பிறகு வந்தவர்களுக்கு ஒன்றுமில்லை.

“பாபா, இதுல கை வச்சீங்களா?”

“கொஞ்சம் முன்னாடி மணியைத் திருத்துனேன். நோன்புக்காக ராத்திரியே நாடு முழுக்க ஒரு மணி பின்னால போயாச்சு. உன் பொட்டி மட்டும் பழைய நேரத்துலேயே நின்னுச்சு. அது தப்பா?”

“தப்பு என்னுது” என்றாள். பிறகு லல்லா ஷாமா பக்கம் திரும்பி, “நீங்க எத்தனை மணிக்குக் கேட்டீங்கன்னு இது குறிச்சு வச்சிருக்கு. பாபா மணியைப் பின்னால தள்ளினதும் நீங்க கேட்ட நேரம் இன்னும் வராத நேரமாயிடுச்சு.”

“அதாவது, நான் இனிமே கேக்கப்போறதையும் முன்னாடியே கேட்டுட்டேன்னு உன் பொட்டி நம்புது.”

“உங்களை நல்லாத் தெரிஞ்ச பொட்டி” என்றாள் பின்னால் நின்ற ரஹ்மா. வரிசை சிரிப்பில் குலுங்கியது. லல்லா ஷாமா குலுங்கவில்லை.

கணினியிடம் நிரல் மணி என்ன என்று கேட்டதுதான் பிசகு, எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும் என்றாள் வஹீபா. கணினிக்குள் இன்னொரு எண்ணி உண்டு. இயக்கியதிலிருந்து நொடிகளை ஏற்றிக்கொண்டே போகும், இறங்காது. நோன்பும் தெரியாது, அரசாங்க உத்தரவும் தெரியாது, பாபாவின் கையும் அதுவரை எட்டாது. பேசிக்கொண்டே நிரலை அந்த எண்ணியிடம் கேட்கும்படி மாற்றினாள்.

“வாயால சொன்னாப் போதுமா?” என்றாள் லல்லா ஷாமா. “நான் கேக்கறேன். உங்கப்பா மறுபடி மணியைத் திருப்பட்டும்.”

அவள் கேட்டாள், பதில் வந்தது. முஃபத்தல் கணினியின் மணியை இரண்டு மணி நேரம் பின்னுக்குத் தள்ளினார். லல்லா ஷாமா மாவு மூட்டைமேல் உட்கார்ந்துகொண்டாள். தட்டு கிடைத்தவர்கள்கூட வீட்டுக்குப் போகவில்லை. வஹீபா நகத்தைக் கடித்தாள். கால் மணி கழித்து மறுபடி அனுப்பியபோது, ‘உங்கள் மாவு தயார்’ என்று வந்தது. லல்லா ஷாமா விடவில்லை.

“ரஹ்மா, நீ அடுத்தடுத்து ரெண்டு தடவை கேளு.”

இரண்டாவது தடவை ரஹ்மாவுக்கும் ‘பொறுங்கள்’ என்றே வந்தது. லல்லா ஷாமா அந்தப் போனை வாங்கி, கண்ணருகே வைத்து நிதானமாகப் படித்தாள். அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

“நியாயமான பொட்டிதான்” என்று தட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். “முஃபத்தல், நாளைக்குச் சாயங்காலம் அஸர் தொழுகை முடிஞ்சதும் பெண் கேக்க வர்றோம். அதுவரைக்கும் வீட்டுல எந்தக் கடிகாரத்தையும் தொடாதீங்க.”