ஆடியில் வாறம்

கொடியில் விருந்தாளிகளின் கட்டில்களுக்கான ஆறு வெள்ளை விரிப்புகளையும் காயப்போட்டு முடிக்க, பக்கத்துக் காணிக் கணபதியின் நெல் வெட்டு மிசின் என் வயலுக்குள் இறங்கியது. என் வயல் என்று சொல்ல இந்தச் சிறுபோகத்தில் எனக்கு வாய் இல்லை. கோடையில் இரணைமடுக் குளத்துத் தண்ணீர் எல்லாருக்கும் காணாது, கூட்டம் வைத்துத்தான் பங்கு பிரிப்பார்கள். கிடைத்த பங்கை வயலோடு சேர்த்துக் கணபதிக்கு விட்டுக்கொடுத்தவள் நானேதான்.

எல்லாம் லண்டனில் இருக்கும் என் தம்பி திலீபனால் வந்த வினை. நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் காய்ந்த வருசத்துக்கு அடுத்த வருசம், நாலு குடும்பத்தோடு வட்டக்கச்சியில் வந்து இறங்கினான். எங்கள் காசின் பெறுமதி விழுந்து கிடந்ததால் அவர்களுக்கு எல்லாமே மலிவு. இறால் விலையைக் கேட்டும் சிரித்தார்கள், இளநீர் விலையைக் கேட்டும் சிரித்தார்கள். "அக்கா, ரெண்டு அறை கட்டுங்கோ. நாங்கள் அடிக்கடி வருவம்," என்றான். கட்டினேன். இந்த மாசியில் போன் எடுத்தான். "ஆடியில வாறம். வெட்டு, கிட்டு எண்டு வயலுக்க நிக்காதேங்கோ. எங்களோட நிக்கோணும்."

என் மனுசன் அப்புத்துரைதான் கேட்டார். "பிளேன் ரிக்கெற் போட்டிட்டானோ எண்டு கேட்டனீரோ?"

"கூடப்பிறந்தவனிட்ட அப்பிடிக் கேக்கிறதே? வெக்கமில்லையே உங்களுக்கு?" என்று பாய்ந்தேன். அந்தக் கையோடு வயலையும் கணபதிக்கு விட்டேன்.

நாளை வரவேண்டியவன், மிசின் சத்தத்துக்கு நடுவில் வீடியோவில் அழைத்தான். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கிவிட்டான் என்று நினைத்து ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எடுத்தேன். அவன் இந்தோனேசியாவில், பாலித் தீவில் நின்றான்.

"குறை நினையாதேங்கோ அக்கா. லண்டனில வீட்டுக்கடன் வட்டி ஏறிட்டுது. கொழும்புக்கு ரிக்கெற் போடுற காசுக்கு இஞ்ச ரூம், சாப்பாடு எல்லாம் முடியுது. உங்கட பக்கமும் இப்ப விலை கூடிப்போச்சுத்தானே?"

விழுந்து கிடந்தபோது ஓடி வந்தவனுக்கு, நாங்கள் கொஞ்சம் நிமிர்ந்ததும் விலை கூடிவிட்டது. பாவி, விதைப்புக்கு முன்னம் ஒரு சொல் சொல்லியிருக்கலாமே!

"இதைப் பாருங்கோ," என்று போனைத் திருப்பினான். பச்சைப் பசேலென்று வயல். "வயல் தெரியிற ரூமுக்குக் கூடுதலாக் காசு. அப்பிடியே எங்கட வட்டக்கச்சி, என்ன?"

நானும் போனைத் திருப்பிக் காட்டினேன்.

"அட, எங்கட வயலிலயும் வெட்டோ! புது அரிசி கொஞ்சம் எடுத்து வையுங்கோ அக்கா."

"ஓம், வைக்கிறன்," என்றேன். மிசின் வரம்போரம் திரும்பியது. கணபதியின் நெல்லுத் தூசி எழும்பி வந்து ஆறு விரிப்புகளிலும் படிந்தது.