பதினைந்து ரூபாய்ச் செடி

ஜெய்னுலாப்தீனுக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் ராஜபாளையம் பஜாரில் பேச்சு. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் பெயிண்ட் கடை வைத்திருந்தார். டப்பா மூடி லேசாக நசுங்கியிருந்தால்கூட, வாங்க வந்தவரிடம் அதைக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனுஷர் வீட்டில் மட்டும், அதுவும் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும், கூசாமல் பொய் சொல்லிவந்தார். செடி விலைதான் அந்த விஷயம்.

ஊருக்குள்ளேயே சம்மந்தபுரத்தில் அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு கிணறு உண்டு. அதைச் சுற்றி முதலில் முருங்கையும் கறிவேப்பிலையும்தான் இருந்தன. ஒரு தடவை குற்றாலம் போனவர் அங்கே ஒரு தோட்டத்தில் நட்சத்திரப் பழத்தை அறுத்துத் தின்றுவிட்டு வந்தார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். சிவப்புச் சீத்தா, பன்னீர் நாவல், விதையில்லாக் கொய்யா என்று எங்கே என்ன இருக்கிறது என்று கேள்விப்பட்டாலும் கிளம்பிவிடுவார். பெயிண்ட் கம்பெனி மீட்டிங் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு கோட்டயத்துக்கும் திருச்சூருக்கும் போவார். திரும்பி வரும்போது கையில் ஈரச் சாக்கு சுற்றிய ஒரு குச்சி இருக்கும். அதற்காகப் பெருநாளுக்குப் புதுச்சட்டை எடுக்காமல் விட்ட வருஷங்களும் உண்டு.

முதல் தடவை அவர் உண்மையைத்தான் சொன்னார். கொய்யாவுக்கு எண்பது ரூபாய் கொடுத்ததைக் கேட்ட அவர் மனைவி ஹபீபுன்னிசா சண்டை ஏதும் போடவில்லை. "கொய்யாதானே?" என்று மட்டும் கேட்டாள். அந்த ஒரு கேள்வியை அவரால் தாங்க முடியவில்லை. அடுத்த செடியின் விலையில் கடைசி சைபரை எடுத்துவிட்டார். பிறகு அதுவே பழகிவிட்டது.

எண்பத்தெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் கோட்டயத்துப் பக்கம் ஒரு நர்சரியில் மலாய் ஆப்பிள் ஒட்டுச்செடி வந்திருப்பதாகச் சேதி கிடைத்தது. சிவப்புப் பழம், உள்ளே வெள்ளைச் சதை, கடித்தால் ரோஜா வாசம் என்றார்கள். விலை முந்நூற்றைம்பது. அவர் கடையில் வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளமே அவ்வளவுதான். நர்சரி வாசலில் நின்று இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தார். கால் போகவில்லை. கொல்லத்திலிருந்து வரும் பாசஞ்சரில் ஜன்னலோரம் செடியை உட்கார வைத்துவிட்டு, தான் நின்றுகொண்டே வந்தார்.

ஹபீபுன்னிசாவிடம் பதினைந்து ரூபாய் என்றார். இந்தக் குச்சிக்குப் பதினைந்து ரூபாயா, உங்களை நல்லா ஏமாத்திட்டான் என்று அவள் வருத்தப்பட்டாள். இருந்தாலும் அதைக் கிணற்றடியில் ஒரு தொட்டியில் வைத்துத் தினமும் தண்ணீர் ஊற்றியது அவள்தான். செடி வேர்பிடித்து, புதுசாக இரண்டு தளிரும் விட்டது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து சாப்பிட வந்தார். வழக்கம்போல நேரே கொல்லைக்குப் போனார். கிணற்றடியில் தொட்டி இருந்த இடத்தில் ஈர வட்டம் மட்டும் இருந்தது. ஆடு எதுவும் புகுந்துவிட்டதோ என்று பதறித் திரும்பினால், ஹபீபுன்னிசா சிரித்துக்கொண்டே வந்து அவர் கையில் ஐம்பது ரூபாய்த் தாளை வைத்தாள்.

"சுப்புராஜ்னு ஒருத்தர் உங்க தோட்டத்தைப் பத்திக் கேள்விப்பட்டு வந்தாவ. அய்யனார் கோவில் ரோட்டுல தோப்பு வச்சிருக்காவளாம். அந்தக் குச்சியைப் பாத்துட்டு, குடுப்பியளான்னு கேட்டாவ. பதினஞ்சு ரூபாச் செடின்னு சொல்லியும் அம்பது ரூபாயைக் குடுத்துட்டுப் போறாவ. நீங்க வருசம் பூரா பெயிண்டு வித்தாலும் இம்புட்டு லாபம் வருமா?"

ஜெய்னுலாப்தீன் குடிக்கத் தண்ணீர் கேட்டார். வியாபாரம் செய்த சந்தோஷத்தில் அவள் அன்றைக்குக் கறியை இன்னும் கொஞ்சம் அள்ளி வைத்தாள். அவருக்குக் கறி எது, கத்தரிக்காய் எது என்று தெரியவில்லை. தன் சாமர்த்தியத்தை அவள் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல, அவரும் கூடச் சேர்ந்து சிரித்துவைத்தார்.

சாப்பிட்ட கையோடு மொபெட்டை எடுத்துக்கொண்டு தோப்புக்குப் போனார். சுப்புராஜைப் பஜாரில் பார்த்திருக்கிறார். பருத்தி வியாபாரம். தோப்பில் ஊரில் எவரிடமும் இல்லாத மாமரமெல்லாம் வைத்திருப்பதாகக் கேள்வி. இவர் வருவதைப் பார்த்ததுமே சுப்புராஜ் பம்புசெட் மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்து வந்தார். அவருக்குப் பின்னால், வாய்க்கால் ஓரம் புதுக்குழியில், செடி நட்டாகியிருந்தது.

"திட்டணும்னா திட்டிருங்க பாய்" என்றார் சுப்புராஜ். "செடியைப் பாத்ததும் எனக்கு விட்டுட்டு வர மனசில்ல. வீட்டுல அவிய பதினஞ்சு ரூபான்னாவ. இதோட நெச வெலை முந்நூத்தம்பதுன்னு எனக்குத் தெரியும், ஆனா அதை எடுத்து நீட்டினா உங்க குட்டு உடைஞ்சிரும். அதான் அம்பதோட நிறுத்திக்கிட்டேன்."

பாக்கி முந்நூறை அவர் மடித்துத் தயாராக வைத்திருந்தார். ஜெய்னுலாப்தீன் அதை வாங்கவில்லை. அவருக்குச் செடிதான் வேண்டும். ஆனால் நட்டதை உடனே பிடுங்கினால் வேர் அறுந்து செத்துப்போகும் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். 

"எனக்குக் குட்டு இருக்குன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும் ராஜா?" என்று கேட்டார் ஜெய்னுலாப்தீன்.

"நான் எங்க வீட்டுல இதை எட்டு ரூபான்னு சொல்லியிருக்கேன்" என்றார் சுப்புராஜ்.

கோபமாக வந்தவருக்கு அதற்குமேல் சிரிப்பை அடக்க முடியவில்லை. மரம் இங்கேயே நிற்கட்டும், இரண்டு பேருக்கும் பொது, கிளை தடித்ததும் அதில் மண் கட்டி வேர்விடவைக்கிற முதல் பதியன் பாய்க்கு என்று பேசி முடித்தார்கள். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் தோப்புக்குப் போக ஆரம்பித்தார். கூமாப்பட்டியிலிருந்து மலைச்சாமி என்று ரிட்டையர்டு ஹவில்தார் ஒருவரும் வந்து சேர்ந்துகொண்டார். அஸ்ஸாமில் இருந்தபோது லீவில் வீட்டுக்கு டிரங்குப் பெட்டி நிறைய எலுமிச்சைக் குச்சி கொண்டுவந்து, துணிமணியெல்லாம் எங்கே என்று கேட்ட மனைவியிடம் களவு போய்விட்டது என்று சொன்னவர் அவர். மூன்று பேரும் வரப்பில் உட்கார்ந்துகொண்டு வாங்கியதன் நிஜ விலையைச் சொல்லுவார்கள். உலகத்தில் அதைச் சொல்ல அவர்களுக்கு இருந்தது அந்த ஓர் இடம்தான்.

தொண்ணூற்றிரண்டு மாசியில் மரம் பூத்தது. கிளையெங்கும், அடிமரத்தில்கூட, கொத்துக் கொத்தாக அடர்ந்த ரோஸ் நிறம். உதிர்ந்ததெல்லாம் மரத்தடியில் கம்பளம் போலக் கிடந்தது. ஜெய்னுலாப்தீனுக்கு இதைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்க மனசு வரவில்லை. மறுநாளே ஹபீபுன்னிசாவைக் கூட்டி வந்தார். அவள் செருப்பைக் கழற்றிவிட்டு, பூவை மிதிக்கவும் மனமில்லாமல் ஓரத்திலேயே நின்றாள். சுப்புராஜின் மனைவி நாச்சியார் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். நட்டதிலிருந்து ஒரு தடவைகூட இந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததில்லை, இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று அவளும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் தாழும்வரை இரண்டு பெண்களும் எழுந்திருக்கவில்லை.

வைகாசியில் பழம் பழுத்தது. ஹபீபுன்னிசா ஒன்றைத் தின்று முடித்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள். பிறகு, அம்பது ரூபாய்க்கு ஆசைப்பட்டு இதைப் போய்க் கொடுத்துவிட்டேனே என்றாள். முதல் பதியன் நமக்குத்தான் என்று அவர் தேற்றினார். அந்தப் பதியனோ வேர் விடாமலே காய்ந்துபோயிற்று.

ஆடிப்பூரம் வந்தது. தேர் பார்க்க நாச்சியார் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பினாள். அந்த ஊர்தான் ஹபீபுன்னிசாவுக்கு அம்மா வீடு. அவளும் கூடப் போனாள். சாயங்காலம் ஜெய்னுலாப்தீன் கடையில் சுப்புராஜ் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, பஸ்ஸை விட்டு இறங்கிய இரண்டு பெண்களும் நேரே கடைக்கு வந்தார்கள். ஆளுக்கொரு செடி கையில் இருந்தது. ஹபீபுன்னிசா தன்னுடையதைக் கல்லா மேசைமேல் வைத்தாள். இலையைப் பார்த்ததுமே அது மலாய் ஆப்பிள் என்று ஜெய்னுலாப்தீனுக்குத் தெரிந்துவிட்டது.

"திருவிழாக் கடையில ஒரு மலையாளத்துக்காரர் வச்சிருந்தாரு" என்றாள் அவள். "பதினஞ்சு ரூபா."

ஜெய்னுலாப்தீன் இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். சுப்புராஜால்தான் பொறுக்க முடியவில்லை. "பதினஞ்சா? ஐநூறுக்குக் கொறைச்சு எவனும் தர மாட்டானே."

நாச்சியார் தன் புருஷன் பக்கம் திரும்பினாள். "எட்டு ரூபாச் செடிக்கா ஐநூறு?" என்று கேட்டாள்.

டீ கிளாஸை எங்கே வைப்பது என்று தெரியாமல் சுப்புராஜ் தரையில் வைத்தார். நாச்சியார் தங்கள் வீட்டுப் பாஷையான தெலுங்கில் ஏதோ சொன்னாள். அது மற்றவர்களுக்குப் புரியவில்லை, ஆனால் அவர் காது சிவந்துபோனது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஹபீபுன்னிசா முன்னால் நடந்தாள். செடியை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். வாசல் கதவைச் சாத்தியபிறகுதான் கேட்டாள்.

"அம்பது ரூபாய்க்கு வித்தேன்னு எங்க அண்ணன்மார்கிட்ட எல்லாம் பெருமையாச் சொன்னேன். நீங்களும் கூடச் சேந்து சிரிச்சியளே. மனசு என்ன பாடு பட்டிருக்கும் உங்களுக்கு?"

திட்டுவாள் என்று காத்திருந்தவர் அவள் கையிலிருந்து செடியை வாங்கிக் கீழே வைத்தார். "நீ எம்புட்டு சந்தோசமா வந்து ரூபாயைக் குடுத்தே. அந்த மொகத்தைப் பாத்த பொறவு எனக்குச் சொல்ல வாய் வரல" என்றார்.

மறுநாள் காலையில் அவளே அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு செடியாகக் கைகாட்டி நிஜ விலை கேட்டாள். அவர் ஒன்றையும் மறைக்கவில்லை. சிவப்புச் சீத்தாவுக்குக் கன்னத்தில் கை வைத்தாள். பன்னீர் நாவலுக்குக் கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள். விலை முன்பே தெரிந்த விதையில்லாக் கொய்யாவிடம் வந்தபோது சிரிக்கத் தொடங்கினாள். அது இத்தனை வருஷத்தில் ஒரு காய்கூடக் காய்த்ததில்லை. விதைதான் இல்லையென்று பார்த்தால் கொய்யாவே இல்லையே என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார். இந்தத் தடவை நிஜமாகவே சிரித்தார்.

அப்புறம்தான் அவர் அவள் செடியின் விலையைக் கேட்டார். சீட்டுப் பணத்திலிருந்து அறுநூறு கொடுத்திருந்தாள். ஐநூறுக்குத் தருகிறேன் என்றுதான் மலையாளத்துக்காரர் சொல்லியிருக்கிறார். ஆனால் அதில் மொட்டு இருந்த ஒன்றை இவள் கேட்க, அதற்கு நூறு கூட ஆகும் என்றிருக்கிறார். பேரம் பேசக்கூட இவளுக்குத் தோன்றவில்லையாம்.  தன்னைவிடப் பெரிய பைத்தியம் ஒன்று இத்தனை நாள் தன் வீட்டிலேயே சோறு ஆக்கிக்கொண்டிருந்திருக்கிறது என்பது ஜெய்னுலாப்தீனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

புரட்டாசியில் நாலு பேருமாகக் கோட்டயத்துக்குப் போனார்கள். பெயிண்ட் கம்பெனி மீட்டிங் என்று யாரிடமும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நர்சரியில் ஆண்கள் இருவரும் முன்பக்கம் ரம்புட்டானுக்கு விலை கேட்டுக்கொண்டிருக்க, ஹபீபுன்னிசா கொட்டகைக்குப் பின்னால் போய், விற்பனைக்கு இல்லை என்று ஒதுக்கிவைத்திருந்த ஒரு மங்குஸ்தான் கன்றின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். நர்சரிக்காரர் இரண்டு தடவை வந்து முடியாது என்று சொல்லிப் பார்த்தார். மூன்றாம் தடவை வந்து விலை சொன்னார். நாச்சியார் பாதி போட, இருவரும் சேர்ந்து அதை வாங்கினார்கள். எங்கே நடுவது என்பதில் மட்டும் ரயில் ஏறும்வரை அவர்களுக்குள் வழக்கு ஓயவில்லை.

திரும்பி வரும்போது பெட்டியில் கால் வைக்க இடமில்லை. டிக்கெட் பரிசோதகர் வந்து, இலைகளை விலக்கி, மொத்தம் எத்தனை பேர் என்று கேட்டார். நாலு என்று சுப்புராஜ் சொன்னார். அவர் நம்பாமல் ஒருமுறை எண்ணிவிட்டுப் போனார். ரயில் மலை ஏறி ஆரியங்காவைத் தாண்டியது. சுரங்கம் வரப்போகிறது, காற்று அடிக்கும் என்று ஜெய்னுலாப்தீன் சொன்னதும், ஹபீபுன்னிசா மங்குஸ்தானை மடியில் வைத்துக்கொண்டு முந்தானையால் மூடினாள். பெட்டி இருட்டுக்குள் போனது. இருட்டில் அவர் கையை நீட்டித் தொட்டியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டார்.