முப்பது என்றால் பெயில்

மனித குலத்துக்கும் சூரியனுக்கும் நடக்கும் போரில் இறுதி வெற்றி நாமக்கல்லில்தான் எழுதப்படும். சிகரஜோதி வித்யாலயாவின் தாளாளர் நவநீதகிருஷ்ணன் விளையாட்டு விழா மைக்கில் இப்படித்தான் முழங்கினார். பந்தலுக்குள், மின்விசிறிக்கு எதிரில் நின்றுகொண்டு. பிள்ளைகள் வெயிலில் நின்றார்கள்.

போன வருஷ விழாவில் தனப்பிரியாவுக்குக் கன்னமெல்லாம் கொப்புளம் வந்து தோல் உரிந்தது. அவள் அம்மா சண்முகப்பிரியா படத்தை வாட்ஸப் குழுவில் போட்டுவிட்டார். அதனால் பிறந்ததுதான் இந்த வருஷத்துச் ‘சூரியக் கவசத் திட்டம்’. வெயில் சுடாமல் இருக்க எல்லாப் பிள்ளைக்கும் பள்ளிக் கிரீம். ஃபிளெக்ஸில் கிரீம் டப்பா கட்டைவிரலளவு, தாளாளர் ஆளுயரம்.

இரண்டாம் வகுப்புக் கொடி தனப்பிரியா கையில். ஒரு மாசமாகப் பழகிய அணிவகுப்பு. சண்முகப்பிரியா வீட்டிலேயே கிரீம் தடவி, துணித்தொப்பி மாட்டி, மீதி ட்யூபோடு கூட்டி வந்திருந்தார். பி.டி. மாஸ்டர் சரவணமுத்து ட்யூபைப் பிடுங்கித் தாளாளரிடம் நீட்டினார். தாளாளர் மைக்கை மேசையில் வைத்தார். அணைக்கவில்லை.

“எஸ்.பி.எஃப். முப்பதா? பாஸ் மார்க்கே முப்பத்தஞ்சுங்க அம்மிணி. பெயிலான கிரீமை எம்பட பள்ளிக்கூடத்துக்குள்ள கொண்டாரீங்களே!”

“ஏனுங்க சார், அது பரீட்சை மார்க்குங்களா? வெயிலைத் தடுக்கற அளவுங்க. கொழந்தைக்கு முப்பதே போதும்னு தோல் டாக்டர் சொன்னாருங்க. காது, பொறங்கழுத்து உடாம தடவோணும், வேர்த்தா மறுக்காத் தடவோணும். நீங்க எப்பத் தடவுனீங்க?”

“காலைல பிரேயர்ல. ஒருக்காத் தடவுனாச் சாயங்காலம் வரைக்கும் அசையாது. எங்குளுது நூறு! சென்டம்!”

“மூஞ்சில பூசறதுக்கு முன்னால மணிக்கட்டுல கொஞ்சம் தடவிப் பாத்தீங்களா, ஒத்துக்குதான்னு?”

“உங்க ஊட்டுல ஒவ்வொரு சோத்துப் பருக்கையும் நக்கிப் பாத்துட்டுத்தான் போடுவீங்களோ? தொப்பியக் கழட்டச் சொல்லுங்க. யூனிஃபார்ம்ல தொப்பி இல்லை. எங்க கிரீம் பூசலைன்னா கொடியை வேற புள்ளைக்குக் குடு சரவணா.”

தனப்பிரியா கொடிக்கம்பை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். சரவணமுத்து பள்ளிக் கிரீம் டப்பாவைத் திறந்து, விரலில் ஒரு கோழிமுட்டையளவு வழித்துக்கொண்டு அவள் கன்னத்தை நோக்கிக் குனிந்தார்.

“எம் புள்ள மேல பட்டுச்சுன்னா அப்பறம் தெரியும்!” சண்முகப்பிரியா அவர் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார். “மொதல்ல அந்த டப்பாவைப் படிங்க மாஸ்டர். சத்தமா.”

“படி சரவணா,” என்றார் தாளாளர். “அம்மிணி காதுல நல்லா உழுகட்டும்.”

“பனிக்காலத்து... வறண்ட சருமத்துக்கு...” மைக் மைதானம் முழுக்கச் சொன்னது. “நூறு...”

“கேட்டீங்களா? நூறு!” தாளாளர் கைதட்டினார். ஆசிரியர்களும் தட்டினார்கள்.

“நூறுக்கப்பறம் என்னமோ இருக்குதே, அதையும் படிங்க.”

சரவணமுத்து டப்பாவை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். சண்முகப்பிரியா தாளாளரிடமிருந்து தன் ட்யூபைத் திரும்ப வாங்கி, மகளின் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, அவள் காதிலும் பின்கழுத்திலும் இன்னொரு தரம் தடவினார். யாரும் தடுக்கவில்லை. கொடி கிளம்பியது.

டப்பாவில் நூறுக்கு அடுத்து இருந்த சொல், கிராம்.